சைக்காலஜி முடித்துவிட்டேன், எனக்கு என்ன தெரியும்?

வாசகி கேள்வி: கோவையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தேன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். கல்லூரியில் உளவியலோடு சமூகவியல், உடலியங்கியல், புள்ளியியல், தமிழ், சுற்றுச்சூழல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்தேன். எதிலும் ஆழம் இல்லை. பி.காம். முடித்த தோழிக்கு டேலி போடத் தெரியும். நர்சிங் முடித்தவளுக்கு ஊசி போடத் தெரியும். எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் பதில் வரவில்லை. மூன்று வருடமும் வீண்தானா? எம்.எஸ்சி.யைத் தொலைதூரக் கல்வியில் முடித்துவிட்டு கவுன்சலிங் ஆரம்பிக்கலாமா? பக்கத்து வீட்டு அக்கா வேறு, பிளஸ் டூ படிக்கும் தன் மகள் கொஞ்ச நாளாக யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, "நீ சைக்காலஜிதானே படிச்ச, வந்து பேசிப் பாரு" என்கிறார். நான் போகலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்)

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாதது.

போங்கள், இன்றைக்கே போங்கள். ஆனால் கவுன்சலராகப் போகாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவாகப் போங்கள். அந்தப் பெண்ணோடு தனியாக உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பாடு ஏன் இறங்கவில்லை, பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு, அவள் பேசும்வரை பொறுங்கள். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே பலருக்குப் பாரத்தைக் குறைக்கும். ஆமாம் என்றாலோ, கையில் கீறல் எதையாவது நீங்கள் பார்த்தாலோ, அவளைத் தனியாக விடாதீர்கள். அவளுடைய அம்மாவிடம் சொல்லுங்கள். ரகசியம் காப்பேன் என்று முன்கூட்டி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அம்மாவோடு அனுப்பி வையுங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். ஆமாம் என்று சொல்லாவிட்டாலும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். பேச்சும் சாப்பாடும் குறைவது ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டு குறைபாடாக இருக்கலாம், பொதுத்தேர்வுப் பயமாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது.

இந்தப் பட்டியலில் முதல் இரண்டும் உங்கள் மனதில் வரும், அந்த அக்காவுக்கு வராது. நீங்கள் ஒப்புக்குப் படித்ததாக நினைக்கும் உடலியங்கியல் அல்லைடு பேப்பர், அதாவது துணைப்பாடம், செய்த வேலை அது.

இனி பெரிய கேள்விக்கு வருகிறேன். மூன்று வருடம் வீணில்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாரின் லேமன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். வெவ்வேறு துறைகளில் சேர்ந்த இளநிலை மாணவர்களுக்கு முதல் வருடத்தில் ஒரு தேர்வு, நான்காம் வருடத்தில் அதே மாதிரி இன்னொரு தேர்வு. கேள்விகளில் பல அன்றாட வாழ்க்கையிலிருந்து, ஒரு நிகழ்வைக் காட்டி இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பவை. 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். புள்ளியியல் கண்ணோடு யோசிப்பதிலும், ஆய்வு முறையின் ஓட்டைகளைக் கண்டுபிடிப்பதிலும் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தவர்கள் உளவியலும் சமூக அறிவியலும் படித்தவர்கள். இயற்கை அறிவியல், இலக்கியம் படித்தவர்கள் வேறு வகைத் தர்க்கத்தில் முன்னேறியிருந்தார்கள்.

இது உங்கள் வீட்டிலேயே எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். ஒரு குழந்தை முதல் மிட் டெர்ம் தேர்வில் வகுப்பிலேயே முதலாவதாக வருகிறது. அடுத்த தேர்வில் ஏழாவது இடம். பாட்டி, "கண்ணு பட்டுருச்சு" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். அதற்கடுத்த தேர்வில் கொஞ்சம் ஏறிவிடுகிறது, சுற்றிப் போட்டது பலித்துவிட்டது. உங்களுக்கு இந்த இடத்தில் ஏதோ உறுத்தும். மிக உயர்ந்த ஒரு மதிப்பெண்ணுக்கு அடுத்தது பெரும்பாலும் சராசரியை நோக்கி இறங்கும், மிகத் தாழ்ந்ததற்கு அடுத்தது ஏறும், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும். இரண்டாம் வருடப் புள்ளியியலில் இதைப் படித்திருப்பீர்கள். பாட்டியை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் நாளைக்கு உங்கள் கம்பெனியில், போன மாதம் மிக மோசமாக உற்பத்தி காட்டிய லைனில் ஒரு சூப்பர்வைசர் கத்திவிட்டு, இந்த மாதம் ஏறியதும் "நாலு சத்தம் போட்டாத்தான் வேலை நடக்கும்" என்று சொல்லும்போது, அதை அப்படியே நம்பாமல் இருக்க உங்களால் முடியும். எத்தனையோ தொழிலாளர்கள் வீணாகத் திட்டு வாங்குவதற்கு இந்த ஒரு தவறான கணக்கு காரணமாக இருக்கிறது.

அப்படியானால் ஏன் ஒன்றும் தெரியாதது போல இருக்கிறது? இதற்கும் பதில் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது.

லேபில் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரைந்த சோதனை ஞாபகம் இருக்கும். கை நேராகத் தெரியாதபடி பலகை மறைக்கும். கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மூலைக்கு வந்ததும் கை எதிர்ப்பக்கம் இழுக்கும். வலது கையால் பலமுறை பழகிய பிறகு இடது கையால் வரைந்தால், பழகாத அந்தக் கையிலும் தவறுகள் குறைந்திருக்கும். டிரான்ஸ்ஃபர் ஆஃப் டிரெயினிங் என்று ரெக்கார்ட் நோட்டில் தலைப்பு போட்டு, கிராஃப் வரைந்து, கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். ஒரு இடத்தில் கற்றது இன்னொரு இடத்துக்குப் போகுமா என்பதுதான் அந்தச் சோதனை கேட்ட கேள்வி. உங்கள் கடிதம் கேட்பதும் அதே கேள்விதான்.

ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும். அதைத் தாண்டி வெகுதூரம் தானாகப் போகாது. ஜியாமெட்ரியும் லத்தீனும் படித்தால் மூளை பொதுவாகவே கூர்மையாகிவிடும் என்று நம்பியிருந்த காலத்தில், 1901-ல் தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்து, அப்படியெல்லாம் இல்லை என்று காட்டினார்கள். இதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியது 1980-ல் மேரி கிக், கீத் ஹோலியோக் செய்த ஆய்வு. ஒரு நோயாளியின் வயிற்றில் கட்டி. அறுவை செய்ய முடியாது. கதிரைப் பலமாகச் செலுத்தினால் வழியில் உள்ள நல்ல தசையும் அழியும். பலம் குறைத்தால் கட்டி அழியாது. என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் மாணவர்களுக்கு ஒரு கதை படிக்கக் கொடுத்தார்கள். கோட்டையைப் பிடிக்க வந்த தளபதி, வழியெல்லாம் கண்ணிவெடி இருந்ததால், படையைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்துப் பல பாதைகளில் அனுப்பி, கோட்டை வாசலில் ஒன்றுசேர வைத்த கதை. விடை அதிலேயே இருக்கிறது: மெல்லிய கதிர்களைப் பல திசையிலிருந்து செலுத்திக் கட்டியில் ஒன்றுசேர வைப்பது. கதையைச் சற்றுமுன் படித்தவர்களில் அதைத் தாங்களாகவே எடுத்துப் பயன்படுத்தியவர்கள் பத்துக்கு மூன்று பேர்தான். "நீங்கள் படித்த கதை இதற்கு உதவும்" என்று ஒரு வரி சொன்னதும் முக்கால்வாசிப் பேர் விடையைப் பிடித்துவிட்டார்கள்.

அதாவது, அவர்களிடம் அறிவு இருந்தது. அதைக் கூப்பிட ஆள் இல்லை. உங்கள் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். நம் கல்லூரிகளில் பாடங்களைப் பகுதி ஒன்று, பகுதி இரண்டு, கோர், அல்லைடு, எலெக்டிவ் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இன்டெர்னல், தனி செமஸ்டர் வைத்து முடித்துவிடுகிறோம். இந்தக் கதை அந்தக் கட்டிக்கு உதவும் என்று சொல்ல யாரும் இருப்பதில்லை. சமூகவியல் ஆசிரியருக்கு, மனநோய்களைப் பற்றிய அப்னார்மல் சைக்காலஜி வகுப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்தக் குறையை நான் சிறியதாக நினைக்கவில்லை. பரந்த படிப்பு என்ற பெயரில் நாம் கொடுப்பது பெரும்பாலும் தனித்தனி அறைகளைத்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் வருடம் பகுதி ஒன்றில் தமிழ் படித்தீர்கள். அதே வருடம் பொது உளவியலில் உணர்ச்சிகள் என்ற பாடம் வந்திருக்கும்; உளவியலாளர் பால் எக்மன் சொன்ன கோபம், பயம், அருவருப்பு, மகிழ்ச்சி, துக்கம், வியப்பு ஆகிய ஆறையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிய பகுதியான மெய்ப்பாட்டியல் எட்டு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நமக்கு முன்பே எல்லாம் தெரியும் என்று மார்தட்டுவதற்காக இல்லை. இரண்டும் வேறு வேறு காரியங்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒன்று முகத்தைப் பார்த்து எந்த நாட்டவரும் அடையாளம் காணும் உணர்ச்சிகளைத் தேடியது, மற்றது செய்யுளில் உணர்ச்சி எப்படி வெளிப்படும் என்று பார்த்தது. ஆனால் மெய்ப்பாட்டியல் ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு நிலைக்களன் சொல்லும். அழுகைக்குச் சொல்வது இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது, இழப்பது, முன்பிருந்த நல்ல நிலை குலைவது, இல்லாமை.

நான் ஆலோசனை தரும் அறையில் ஒருவர் காரணம் தெரியவில்லை என்று சொல்லி அழும்போது இந்த நான்கும் என் மனதில் ஓடும். யாரோ போய்விட்டார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். யாராவது மட்டமாக நடத்தினார்களா என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டில் பணக்கஷ்டமா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மனநலம் பேச வந்த இடத்தில் வாடகைப் பாக்கியைப் பேசலாமா என்று வந்தவரே தயங்குவார். நான் படித்த மேல்நாட்டுப் பாடப்புத்தகத்தின் உணர்ச்சிப் பாடத்தில் வறுமை இல்லை. தமிழ் வகுப்பில் இருந்தது.

இன்னொரு சம்பவம், அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையனை "புத்தி மந்தம்" என்று பள்ளியிலிருந்து சான்றிதழுக்காக அனுப்பியிருந்தார்கள். அறிவுத்திறன் சோதனையில், பேச்சு சார்ந்த கேள்விகளில் மதிப்பெண் மிகக் குறைவு. வண்ணக் கட்டைகளை அடுக்கி மாதிரியைப் போலச் செய்யச் சொன்னபோது கட்டையைத் தொடுவதற்கு முன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். பிறகு தயங்காமல் அடுக்கினான், சிவப்பும் வெள்ளையும் சாய்வாகச் சேரும் கடினமான மாதிரி உள்பட. அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள். மழைக்காலத்தில் ஊர், மற்ற மாதங்களில் சூளை. வீட்டில் ஒடியா, பள்ளியில் தமிழ், எந்தப் பள்ளியிலும் ஒரு முழு வருடம் உட்கார்ந்ததில்லை. சோதனையை நடத்தி மதிப்பெண் கூட்டுவதற்கு உளவியல் போதும். இந்த அளவுகோலை எந்தக் குழந்தைகளை வைத்துத் தயாரித்தார்கள், இவன் அவர்களில் ஒருவனா என்று கேட்பதற்குப் புள்ளியியல் வேண்டும். வருடத்தில் பாதி நாள் அவன் ஏன் பள்ளியில் இல்லை என்று புரிவதற்குச் சமூகவியல் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும், ஆயுள் முழுக்கக் கூட வரும் ஒரு தவறான சான்றிதழை அந்தப் பையன் வாங்கியிருப்பான்.

ஏர்வாடியையும் நினைத்துப் பாருங்கள், மனநோய் குணமாகும் என்று நம்பி மக்கள் வரும் தர்கா உள்ள ஊர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். நோயின் அறிகுறிகளை மட்டும் படித்தவருக்கு அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே கொண்டுபோய் விட்டன என்பது விளங்காது. நம்பிக்கை இருந்தது, அவமானம் இருந்தது, பக்கத்தில் சிகிச்சை இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் இல்லை. அதே ஏர்வாடியில் பிறகு தர்காவோடு இணைந்து மனநல மருத்துவச் சேவை வந்தது. துவாவும் (பிரார்த்தனையும்) தொடரட்டும், மருந்தும் கொடுப்போம் என்பது அதன் வழி. மருத்துவம், சட்டம், மக்களின் நம்பிக்கை எல்லாவற்றையும் ஒருங்கே மதித்தவர்களால்தான் அப்படி ஒன்றை யோசிக்க முடியும். "கொஞ்சம் கொஞ்சம் எல்லாம்" என்று நீங்கள் குறைவாகப் பேசும் படிப்பின் பயன் இதுதான்.

ஆகவே ஆழம் வேண்டுமென்றால் இன்னொரு பட்டம் தேடுவதற்கு முன் ஒரு கேள்வியைப் பிடியுங்கள். அதற்கு நீங்கள் இருக்கும் இடத்தைவிட நல்ல இடம் அமையாது.

பனியன் கம்பெனி எச்.ஆரில் தினமும் ஆள் எடுக்கிறீர்கள். டெய்லர், செக்கர், ஹெல்பர். எத்தனை பேர் மூன்று மாதம் தாண்டுகிறார்கள்? யார் போகிறார்கள், யார் தங்குகிறார்கள்? ஹாஸ்டலில் இருப்பவர்களா, ஊரிலிருந்து கம்பெனி வண்டியில் வருபவர்களா? முதல் சம்பளம் வாங்கியதும் போகிறார்களா, பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பாமல் இருக்கிறார்களா? அட்டெண்டன்ஸ் உங்கள் மேசையிலேயே இருக்கிறது. பெயரை நீக்கிவிட்டு, மேலாளரிடம் சொல்லிவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு அட்டவணை போடுங்கள். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் பத்து நிமிடம் பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். எண்ணும் பேச்சும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பாருங்கள். இதைச் செய்யும்போது புள்ளியியல், சமூக உளவியல், நேர்காணல் முறை எல்லாம் ஒவ்வொன்றாக உங்களைத் தேடி வரும். வராத இடத்தில் பழைய நோட்டை எடுத்துப் படிப்பீர்கள். அப்போது படிப்பது மறக்காது.

இளநிலைப் பட்டத்தோடு இதெல்லாம் நடக்குமா என்று தோன்றலாம். உளவியலாளர் டேனியல் கானமனைப் படித்திருப்பீர்கள், 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1955-ல் அவர் இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தார். வயது இருபத்தொன்று, கையில் இருந்தது பி.ஏ. பட்டம் மட்டும், உளவியலும் கணிதமும் படித்தது. புதிதாகச் சேருகிறவர்களை எந்தப் பிரிவுக்கு அனுப்பலாம் என்று நேர்காணல் செய்யும் முறை சரியாக வேலை செய்யவில்லை, மாற்று என்று அவரிடம் சொன்னார்கள். பேசிப் பார்த்து மொத்தமாக "இவன் தேறுவான்" என்று சொல்லும் பழக்கத்தை அவர் நிறுத்தினார். ஆறு குணங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடந்ததை மட்டும் கேட்கும் கேள்விகள் வைத்து, ஒன்றை முடித்து மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போகச் சொன்னார். நேர்காணல் செய்தவர்கள் தங்களை இயந்திரமாக்குவதாகக் கோபப்பட்டார்கள். சரி, எல்லா மதிப்பெண்ணும் போட்ட பிறகு கண்ணை மூடி உங்களுக்குத் தோன்றுவதையும் ஒரு எண்ணாகப் போடுங்கள் என்றார். புதிய முறை பழையதைவிட நன்றாகக் கணித்தது. கடைசியில் போட்ட அந்த எண்ணும் பயன்பட்டது. இதை நீங்கள் அடுத்த வாரம் டெய்லர் எடுக்கும்போதே செய்து பார்க்கலாம். சாம்பிள் தைக்கச் சொல்லிப் பார்ப்பது ஏற்கெனவே இருக்கும். அதோடு நான்கைந்து நேரான கேள்விகளையும் தனித்தனி மதிப்பெண்ணையும் சேருங்கள்.

மேற்படிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைதூரக் கல்வி எண்ணத்தை விட்டுவிடுங்கள். உளவியலைத் தொலைநிலை, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. தடை இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். மேற்பார்வையில் ஆட்களைப் பார்த்துப் பழகாமல் இந்தத் தொழில் வராது. கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும், பி.எஸ்சி.யோ சாதாரண எம்.எஸ்சி.யோ அதற்குப் போதாது. இத்தனை காலம் எம்.எஸ்சி.க்குப் பிறகு இரண்டு வருட எம்.ஃபில். என்பதே முக்கிய வழி, எம்.ஃபில். பட்டமே நாட்டில் நிறுத்தப்படுவதால் அந்த இடத்துக்கு வேறு படிப்புகள் வருகின்றன. எந்தக் கல்லூரியில் சேருவதாக இருந்தாலும் ஆர்.சி.ஐ. தளத்தில் அதன் அங்கீகாரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நோயாளிகளைவிட ஊரோடும் குடும்பத்தோடும் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுநிலைப் படிப்பு உங்களுக்கு நல்ல வழி. மனநல சமூகப்பணிக்கு ஆட்கள் போதவே போதாது.

பட்டம் முடித்த கையோடு இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து கவுன்சலிங் செய்கிறவர்களைப் பார்த்து அவசரப்படாதீர்கள். நொந்து போய் வருகிறவருக்குத் தவறான ஆள் கிடைத்தால், அடுத்தமுறை சரியான ஆளிடம்கூட அவர் வரமாட்டார். அந்தச் சேதம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஒரு வருடம் இந்த வேலையில் இருந்து அந்த அட்டவணையை முடியுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள். சேர்க்கை நேர்காணலில் ஏன் உளவியல் என்று கேட்டால், உங்களிடம் சொல்ல உங்களுடைய சொந்த விஷயம் இருக்கும். ரெக்கார்ட் நோட்டுகளை மட்டும் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எம்.எஸ்சி.யில் அதே சோதனைகளில் பல மறுபடி வரும், இந்தமுறை நடத்துவது நீங்களாகவும் இருக்கும்.